ஊட்டி வீட்டிலிருந்து ஓராண்டு இன்டர்ன்ஷிப்: மீட்டிங் நடுவே விபிஎன் கட் ஆகிறது

விபிஎன், அதாவது கம்பெனி நெட்வொர்க்கோடு உங்களை இணைக்கும் பாதுகாப்பான வழி, கட் ஆவதற்கான காரணத்தை லேப்டாப்பில் தேட வேண்டாம். ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ரூட்டரை அணையவிடாத சின்ன பேட்டரி) போடுங்கள். மழை நாளில் மட்டும்தான் கட் ஆகிறது என்கிறீர்கள். ஜூலைக் காற்றில் கற்பூர மரக் கிளை கம்பியில் உரசினாலே கரண்ட் ஒரு நொடி போய் வரும். லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் உங்களுக்குத் தெரியாது. ரூட்டர் அணைந்து எழ ஓரிரு நிமிடமாவது ஆகும்.

அடுத்த முறை கட் ஆனதும் ரூட்டரைப் பாருங்கள். விளக்கெல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக வந்தால் கரண்ட்தான். எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் சிக்னல் வரவில்லை, எங்கோ அறுந்திருக்கலாம். அதற்கு யுபிஎஸ் உதவாது, புகார்தான் கொடுக்க வேண்டும்.

யுபிஎஸ் வாங்கும்முன் ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள், யுபிஎஸ் அதற்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் பார்த்துவிடுங்கள். அப்புறம், அது கம்பெனி லேப்டாப். விபிஎன் செட்டிங்கில் ஐடி ஆட்களைக் கேட்காமல் கைவைக்காதீர்கள்.