மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் முழங்காலில் எதை மாற்றுகிறார்கள்?

தேய்ந்துபோன முழங்கால் மூட்டின் மேற்பரப்பை மட்டும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கைப் பரப்பைப் பொருத்துவதே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகும்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லாததால், ஒருமுறை தேய்ந்தால் அது பழையபடி வளர்வதில்லை. தேய்மானம் முற்றும்போது எலும்போடு எலும்பு உரசி, படியிறங்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் வலி குத்துகிறது. எடைக் குறைப்பும் தொடைத் தசைப் பயிற்சியும் மாத்திரையும் பலருக்குப் போதுமானவை; அவை பயன் தராதபோதுதான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியல்ல, ஏனெனில் படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு அதிக வலியின்றி நடமாடுபவர்களும் உண்டு.

பல்லைப் பிடுங்காமல், மேற்பகுதியைச் சீவி உறை போடுவதைப் போன்றது இந்த அறுவை சிகிச்சை. தொடை எலும்பின் முனையைச் சுமார் 1 செ.மீ. அளவுக்குச் செதுக்கி, பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலவையாலான உறையை மாட்டுகிறார்கள். கீழ் எலும்பின்மேல் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காலான தகடு. எலும்புகளை இருபுறமும் பிணைக்கும் நார்கள் அப்படியே விடப்படுகின்றன. புதிய மூட்டு நிலையாக நிற்பது பெரிதும் அவற்றின் பிடிமானத்தால்தான்.

ஆகவே, முழங்காலையே வெட்டியெடுத்து விடுகிறார்கள் என்பதும், அதன்பின் மாதக்கணக்கில் படுக்கைதான் என்பதும் தவறான எண்ணங்கள். பெரும்பாலோரை அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க வைத்துவிடுகிறார்கள்.