ஸ்டைரீன் ஷீட்ல 4 அடி ஸ்பேஸ்ஷிப் மாடல் கட்ட முடியுமா? எங்க ஆரம்பிக்கிறது?

கிட் எதுவும் வாங்காம வெறும் பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி ஒட்டியே 4 அடி நீளத்துக்கு ஸ்பேஸ்ஷிப் மாடல் பண்ண முடியுமா, அந்த ஷீட் சென்னையில கிடைக்குமா, எந்த இடத்துல சொதப்பும்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணலாம், ஷீட்டும் கிடைக்கும். சொதப்புறதெல்லாம் கப்பலுக்கு உள்ளதான் நடக்கும், அதனால அதப் பத்தியே அதிகமா சொல்றேன்.

நான் தண்டையார்பேட்டை. மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு சின்ன ஷெட், அதுதான் பட்டறை. ரெண்டு கப்பல் முடிச்சிருக்கேன், மூணாவது இப்ப டேபிள் மேல பாதியில நிக்குது. மூணுமே எந்தப் படத்துலயும் வர்ற கப்பல் கிடையாது, நானே கிராஃப் நோட்ல வரைஞ்சது.

முதல் கப்பல் மூணரை அடி. 1 மி.மீ ஷீட்ட நீளநீளமா வெட்டி பொட்டி மாதிரி ஒட்டினேன், உள்ள ஒண்ணும் வெக்கல, ஏன்னா வெளிய பார்க்க அவ்ளோ கெட்டியா இருந்துச்சு. ரெண்டு முனையிலயும் ஸ்டாண்ட் குடுத்து பிப்ரவரில நிக்க வெச்சேன், மே மாசம் முடியறதுக்குள்ள நடு வயிறு தொய்ஞ்சு கீழ எறங்கிடுச்சு. ஸ்டைரீன் நல்லா இளகுறதுக்கு 90, 100 டிகிரி வேணும், எந்த ஷெட்லயும் அவ்ளோ சூடு வராதுதான், ஆனா பாரம் மேல இருந்துகிட்டே இருந்தா அதுக்கு ரொம்பக் கீழயே, வெயில் காலத்துல இன்னும் வேகமா, கண்ணுக்குத் தெரியாம வளைஞ்சுகிட்டே போகும். வளைஞ்சது திரும்ப நிமிராது.

எங்க மாமா காசிமேட்டுல லாஞ்ச் கட்டுற வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தப்ப அதத் தூக்கி திருப்பிப் பார்த்து விரலால ரெண்டு தட்டு தட்டிட்டு "இன்னாடா இது, வங்கே வெக்காம பலகை அடிச்சு வெச்சிருக்க"ன்னு கேட்டார். மரப்படகு கட்டுறப்ப கீழ நீளவாக்குல ஏரா, அதாவது அடிக்கட்டை போட்டு, அது மேல வங்கு ஒண்ணொண்ணா நிறுத்தி, விலா எலும்பு மாதிரி வரிசையா வந்ததுக்கு அப்புறம்தான் பலகை ஏறும். படகோட உருவத்தப் புடிச்சு வெக்கிறது வங்கு, பலகை தண்ணியத் தடுக்குது, அவ்ளோதான். எனக்கு அன்னிக்குதான் மண்டையில ஏறுச்சு. ஸ்டைரீன் ஷீட் வெறும் பலகை.

அதனால நீங்க முதல்ல வரைய வேண்டியது வெளித்தோற்றம் இல்ல, வங்குதான். கப்பல குறுக்க வெட்டினா எப்படித் தெரியுமோ அந்த வடிவத்த 8லேர்ந்து 10 செ.மீ இடைவெளிக்கு ஒண்ணா கிராஃப்ல போட்டு, 2 மி.மீ ஷீட்ல வெட்டுங்க. நடுவுல ஏரா மாதிரி ஒரு அலுமினியம் ஸ்கொயர் பைப், ஜன்னல் வேலை செய்யுறவங்ககிட்ட மிச்சம் கிடக்கும், கேட்டா குடுத்துடுவாங்க.

ரெண்டாவது கப்பல்ல இதெல்லாம் செஞ்சேன், ஆனா வேற விதமா அடி வாங்கினேன், இத யாரும் எனக்குச் சொல்லல, அதனால உங்களுக்குச் சொல்றேன். பைப்ப எல்லா வங்குலயும் எபாக்சி போட்டு இறுக்கி ஒட்டிட்டேன். காலையில பார்த்தா வங்கு மேல ஒட்டின ஷீட், அதாவது கப்பலோட தோல், கண்ணாடி மாதிரி சமமா இருக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு பார்த்தா வங்குக்கு வங்கு லேசா அலை அலையா பொங்கி நிக்கும், ராத்திரி திரும்ப அடங்கிடும், ரெண்டு மூணு வாரத்துல சில ஜாயின்ட் விட்டே போச்சு. காரணம் என்னன்னா, ஸ்டைரீன் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூடு ஏறினா ஏறக்குறைய 0.07 மி.மீ நீளும், அலுமினியம் 0.023தான். 1.2 மீட்டர் கப்பல், காலைக்கும் மத்தியானத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம்னு வெச்சுக்கோங்க, ஷீட் 1.25 மி.மீ நீளுது, பைப் 0.4 மி.மீ நீளுது, மிச்சம் 0.8 மி.மீக்கு மேல எங்க போகும், பொங்கித்தான் ஆகணும். இப்ப மூணாவதுல நடு வங்குல மட்டும்தான் எபாக்சி, மத்த வங்குல எல்லாம் ஓட்டைய அரை மி.மீ பெருசா வெட்டி பைப் சும்மா சறுக்குற மாதிரி விட்டிருக்கேன். போன மே முழுக்க பார்த்தேன், ஒரு அலை கூட வரல.

ஷீட் விஷயம். கடையில ஸ்டைரீன்னு கேட்டா நிறைய பேருக்குப் புரியாது, ஹிப்ஸ் (ஹை இம்பேக்ட் பாலிஸ்டைரீன்) ஷீட்னு கேளுங்க, பாரிஸ் கார்னர் பக்கம் பிளாஸ்டிக் ஷீட் விக்கிற கடைங்கள்ல இருக்கும். 8க்கு 4 அடி முழு ஷீட் 1 மி.மீல மூணு கிலோ சொச்சம் வரும், உங்க கப்பல் தோலுக்கு அது தாராளம். ஆனா வெள்ளையா இருக்கறதெல்லாம் ஹிப்ஸ் இல்ல, சில சமயம் சன்போர்டையோ (பிவிசி நுரை போர்டு) பிபியையோ (பாலிப்ரொப்பிலீன்) கையில குடுத்துடுவாங்க. ஒரு துண்டு வாங்கிட்டு வந்து டம்ளர் தண்ணியில போடுங்க, ஹிப்ஸ் மெதுவா முங்கும், பிபியும் சன்போர்டும் மிதக்கும். முங்கினத எடுத்து உப்ப அள்ளிக் கொட்டிக் கரைச்ச தண்ணியில போட்டா மேல வந்துடும். கெட்டி பிவிசியா இருந்தா உப்புத் தண்ணியிலயும் அடியிலயேதான் கிடக்கும்.

வெட்டுறதுக்கு ஷீட்ட முழுசா அறுக்க வேணாம், ஸ்டீல் ஸ்கேல் வெச்சு கட்டர்ல ரெண்டு மூணு தடவை கோடு இழுத்து மடக்கினா டக்னு ஒடிஞ்சுடும், விளிம்ப லேசா தேய்ச்சா போதும்.

ஒட்டுறதுதான் இந்த வேலையிலயே எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். ஃபெவிகுவிக் வேணாம், அது மேல காய்ஞ்சு நிக்கும், அடி பட்டா தெறிச்சுடும். டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி சிமென்ட்ல அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும்தான் இருக்கு, அது பிளாஸ்டிக்கையே கரைச்சு ரெண்டு துண்டையும் ஒண்ணாக்கிடும். ரெண்டு விளிம்பையும் சேர்த்துப் புடிச்சுகிட்டு பிரஷ் நுனியால ஒரே ஒரு இடத்துல தொட்டுப் பாருங்க, திரியில எண்ணெய் ஏறுற மாதிரி அந்தக் கோடு முழுக்க தானா ஓடும், ஓடுறது கண்ணுக்குத் தெரியும். பத்து செகண்ட் கழிச்சு லேசா அழுத்தினா இடுக்குலேர்ந்து பொடி மணி மாதிரி இளகின பிளாஸ்டிக் வெளிய வரும், அத அப்படியே விட்டு மறுநாள் தேய்ச்சீங்கன்னா ஜாயின்ட் எங்கன்னே தெரியாது. வெறும் அசிட்டோன் சரியா வரல எனக்கு, சட்டுனு பறந்துடுது, மேல பிசுபிசுன்னு ஆயிடுது. போர்டு கடைக்காரங்க அக்ரிலிக்குக்கு வெச்சிருக்கற குளோரோஃபார்ம், எம்டிசி (மெத்திலீன் டைகுளோரைடு) எல்லாம் ஸ்டைரீனயும் ஒட்டும், ஆனா அந்த ஆவி உடம்புக்கு ரொம்பக் கெடுதல், நான் தொடுறதில்ல. எதுவா இருந்தாலும் ஜன்னல் தொறந்திருக்கணும், அடுப்பு எரியற ரூம்ல வேணவே வேணாம், நம்ம ஏரியா வீடுங்கள்ல கிச்சனும் ஹாலும் ஒட்டியே இருக்கும், தயவுசெஞ்சு மாடிக்குப் போயிடுங்க.

இன்னொண்ணு, எல்லாப் பக்கமும் மூடின பொட்டியா ஒட்டிடாதீங்க. உள்ள மாட்டின ஆவி வெளிய போக வழியில்லாம சுவர உள்ளேர்ந்தே இளக்கும், பெயின்ட் எல்லாம் அடிச்சு முடிச்சு ஒரு மாசம் கழிச்சு ஜாயின்ட் குழி விழுந்து தெரியும். ஒவ்வொரு வங்குலயும் ஒரு பெரிய ஓட்டை, அடியில கண்ணுல படாத இடத்துல ஒரு ஓட்டை போட்டுடுங்க, எல்இடி வயருக்கும் அதே வழி. லைட் வெக்கிறதா இருந்தா மூடறதுக்கு முன்னாடியே உள்பக்கம் கருப்பு அடிச்சுடுங்க, 1 மி.மீ வெள்ளை ஷீட் வழியா வெளிச்சம் நல்லாவே கசியும்.

அடுத்தது, மாடல் பெருசாத் தெரியறது. நீளத்தால அது வராது. ஸ்டார் வார்ஸ் முதல் படம் 1977ல வந்தப்ப அதுக்கு மாடல் கட்டினவங்க கடையில விக்கிற டேங்க் கிட், பிளேன் கிட் பார்ட்ஸ எல்லாம் பிரிச்சு கப்பல் மேல பொடிப்பொடியா ஒட்டினாங்க, அத கிரீப்ளின்னு சொல்வாங்க. நமக்கு அந்தக் கிட்டெல்லாம் கட்டுபடி ஆகாது, அவசியமும் இல்ல, காயலான் கடையில உடைஞ்ச பிரின்டரும் கீபோர்டும் எடை போட்டு வாங்கினா உள்ள ஆயிரம் உருப்படி இருக்கு. முக்கோணத்துக்குள்ள 6ன்னு இருந்தா ஸ்டைரீன், அப்படியே ஒட்டும். ஏபிஎஸ்னு (அது வேற ஒரு பிளாஸ்டிக்) போட்டிருந்தாலும் நான் வாங்கிடுவேன், கொஞ்சம் லேட்டாப் புடிக்கும். பேனா மூடி பெரும்பாலும் பிபி, எந்த சிமென்ட்டும் புடிக்காது.

ஆனா கண்ட இடத்துல ஒட்டக்கூடாது. முதல்ல ஸ்கேல முடிவு பண்ணுங்க. என்னோடது 350ல ஒண்ணு, 1.2 மீட்டர் மாடல்னா நிஜத்துல 420 மீட்டர் கப்பல். அதுல ஒரு ஆள் 5 மி.மீ உயரம், கைப்பிடிக் கம்பி 3 மி.மீ, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசை கட்டி நிக்குற லாரியில இருக்கே அந்த 40 அடி கன்டெய்னர், அது 35 மி.மீ. இப்ப நீங்க பேனல் கோடுன்னு 1 மி.மீ அகலத்துக்கு கீறினா அது நிஜத்துல 35 செ.மீ பள்ளம், ஒரு ஆளோட கால் உள்ள போயிடும். அதனாலதான் நிறைய மாடல் பார்த்த உடனே பொம்மையாத் தெரியுது. ஊசி நுனியால கீறுங்க, இல்லன்னா 0.3 மி.மீ ஷீட்ட சின்னச் சின்ன சதுரமா வெட்டி மேல ஒட்டுங்க, கோடு தானா வந்துடும்.

பைப் எங்கேர்ந்து கிளம்புது, எங்க போய்ச் சேருதுன்னு தெரியணும். இத நான் மணலியில கத்துகிட்டேன். ரிஃபைனரி வெளி ரோட்டுல ராத்திரி நின்னு பார்த்தீங்கன்னா தெரியும், பெரிய பைப்புங்க எல்லாம் ரேக் மேல ஒண்ணா ஓடுது, நடுநடுவுல வேணும்னே ஒரு வளைவு எடுத்து யு மாதிரி போய் திரும்புது, சூட்டுல நீளுறதுக்கு விட்ட இடம் அது. ஏணி இருக்கற இடத்துல மேல ஒரு மேடை இருக்கு, மேடை இருக்கற இடத்துல ஒரு வால்வ் இருக்கு. ரெண்டாவது கப்பல் வயிறு முழுக்க அந்த மாதிரி பண்ணேன், ஏணி ஒவ்வொண்ணும் ஒரு வால்வுக்குத்தான் போகுது. பார்க்க வந்தவங்க ரொம்ப நேரம் நின்னது அந்த வயித்துகிட்டதான்.

பெயின்ட்டுக்கு ஒரே ஒரு விஷயம், நம்ம கடல் காத்து. மழைக்காலத்துல, ஈரப்பதம் ஏறின சாயங்காலத்துல லாக்கர் ஸ்ப்ரே அடிச்சா வெள்ளையா பூத்துடும். காலையில பத்து மணிக்கு மேல வெயில் ஏறினப்புறம், தூரத்துலேர்ந்து பனி மாதிரி மெல்லிசா நாலஞ்சு கோட் அடிங்க. ஈரமா ஒரே கோட் அடிச்சா கார் ஸ்ப்ரேல இருக்கற தின்னர் ஷீட்டையே தின்னுடும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுப் படிக்கட்டோட திருப்பத்த ஒரு தடவை அளந்துடுங்க. எங்க படி ரெண்டே கால் அடி அகலம், அதனால மூணாவது கப்பல மூணு துண்டா, எம்4 போல்ட் போட்டுக் கழட்டுற மாதிரி கட்டிகிட்டு இருக்கேன். உங்க வங்கு படத்த வரைஞ்சதும் கமென்ட்ல போடுங்க, வெட்டுறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பார்த்துடுறேன்.