கண்ணைத் திறந்த பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

மனச்சோர்வு பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் கேட்கிறேன். எனக்கு இதுவரை மூன்று முறை டிப்ரெஷன் வந்து போயிருக்கிறது. இப்போது மாத்திரையோடு நன்றாகவே இருக்கிறேன். திரும்ப வராமல் இருக்க எம்பிசிடி (மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மனதில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட காக்னிட்டிவ் தெரபி) எடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். தேடினால், எல்லா தெரபிஸ்ட்டுகளும் தங்கள் பெயருக்குக் கீழே ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லி ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். பத்து நிமிஷம் கழித்து, “ரிலாக்ஸ் ஆயிட்டீங்களா?” என்றார். ஆகவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இது எனக்கு ஒத்துவராத விஷயமா, அல்லது அவருக்குத் தெரியவில்லையா? சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கற்றுக்கொண்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் இல்லை. நான்காவது முறை விழுந்து எழுந்த பிறகு எட்டு வார எம்பிசிடி வகுப்புக்குப் போனவள், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் நாள் உள்ளங்கையில் ஓர் உலர்திராட்சையை வைத்தார்கள். இதற்குமுன் பார்த்தே இராத ஒரு பொருளைப்போல் அதைப் பார்க்க வேண்டும், உருட்ட வேண்டும், முகர வேண்டும், காதருகே கொண்டுபோக வேண்டும், கடிக்காமல் நாக்கில் வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் என்ன கவனித்தீர்கள் என்று கேட்டார் ஆசிரியை. பக்கத்தில் இருந்தவர் பட்டென்று சொன்னார்: “எரிச்சலா இருந்தது. இதுக்கா வந்தேன்னு தோணுச்சு.” ஆசிரியை சமாதானம் சொல்லவில்லை. “அந்த எரிச்சல் உடம்பில் எங்கே தெரிந்தது?” என்றார். அவர் கொஞ்சம் யோசித்து, “தாடையில்” என்றார். “இப்போதும் இருக்கிறதா?” “இருக்கு... கொஞ்சம் குறைஞ்சிருக்கு.” அவ்வளவுதான், அடுத்தவரிடம் போய்விட்டார்.

எனக்கு அன்று இது பெரிதாகப் படவில்லை. ஆறாவது வாரம் வாக்கில்தான் புரிந்தது. ‘இதுக்கா வந்தேன்’ என்பது மனதில் ஓடிய ஒரு வாக்கியம். அதோடு சண்டை போடவும் வேண்டாம், அதன் பின்னாலேயே போகவும் வேண்டாம். வந்தது, தாடை இறுகியது, போனது என்று பார்க்க முடிந்தால் போதும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதும் அதே மாதிரி ஒரு வாக்கியம்தான். பலமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்குச் சாதாரணமான ஒரு சோகமே போதும், பழைய எண்ணங்கள் மொத்தமும் வரிசையாக வந்து நின்றுவிடும். அந்த முதல் ஆளை வாசலிலேயே அடையாளம் காணப் பழக்குவதுதான் எம்பிசிடி. வழக்கமான காக்னிட்டிவ் தெரபியில் ‘இந்த எண்ணம் உண்மையா, ஆதாரம் என்ன’ என்று விசாரிப்பார்கள். இங்கே அந்த வழக்கையே எடுப்பதில்லை.

ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியை எடுத்து, ஸிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் மனச்சோர்வு திரும்புவதைத் தடுப்பதற்கென்றே இதை உருவாக்கினார்கள். 2000இல் வந்த அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ விழுந்து, அப்போது தேறியிருந்தவர்களில், வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களுக்கு 60 வாரத்தில் 66 சதவீதம் பேருக்குத் திரும்பியது. வகுப்புக்கு வந்தவர்களில் 37 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் டாக்டர் சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது உங்கள் தெரபிஸ்ட். பதிவு செய்த குரலைப் போட்டது தப்பில்லை. வீட்டுப் பயிற்சிக்கு எங்களுக்கும் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்த பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் கோளாறு. ‘ரிலாக்ஸ் ஆயிட்டீங்களா’ என்று கேட்டால் அதற்கு ஒரு சரியான விடை இருக்கிறது என்றாகிவிடுகிறது, நீங்களும் அந்த விடையைச் சொல்லிவிட்டீர்கள். ரிலாக்ஸ் ஆவது இதன் நோக்கமே இல்லை. படுத்துக்கொண்டு கால்விரலிலிருந்து தலைவரை உடம்பைக் கவனிக்கும் பயிற்சியில் முதல் மூன்று வாரம் நான் முழங்காலைத் தாண்டியதே இல்லை, அதற்குள் குறட்டை. அதையும் அங்கே சொல்ல முடிந்தது.

அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள். எட்டு வாரமா, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்குமா? குழுவாகவா? தனியாக எடுப்பவர்களும் உண்டு. ஆனால் மூல வடிவம் குழுதான், அடுத்தவரின் தாடையில் நாம் கற்றுக்கொள்வது அதிகம். ஆன்லைன் வகுப்பானாலும் சரி, அப்போது பக்கத்தில்தான் தேட வேண்டும் என்ற கட்டாயமில்லை. வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி? முக்கால் மணி நேரம் என்ற மாதிரி ஏதாவது சொன்னால் நம்பலாம். வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் அது வேறு ஏதோ. இதற்கென்று எங்கே பயிற்சி எடுத்தார், மனச்சோர்வு உள்ளவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்பதும் முக்கியம். நல்ல தியான ஆசிரியராக இருப்பவருக்கு மனச்சோர்வு பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம், கேட்கக் கூச்சமான ஒன்று: “நீங்கள் தினமும் தியானத்தில் உட்காருகிறீர்களா?” தானே பயிற்சி செய்யாதவர் இதைக் கற்றுத்தர முடியாது என்பது இந்தத் துறையிலேயே ஏற்றுக்கொண்ட விஷயம். இந்தக் கேள்விக்கு யாராவது கோபப்பட்டால் உங்களுக்கு நேரம் மிச்சம்.

அவரும் உங்களைக் கேட்க வேண்டும். எங்கள் ஆசிரியை வகுப்புக்கு முன்பே தனியாகக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது விழுந்தீர்கள், சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா, குடி உண்டா, சமீபத்தில் யாரையாவது இழந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுமே கேட்காமல் சேர்த்துக்கொள்பவரிடம் போகாதீர்கள். கண்ணை மூடினால் பழைய பயங்கரம் ஏதாவது பொங்கி வரும் ஆட்கள் உண்டு, அவர்களை என்ன செய்வது என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். நடுவில் சாகத் தோன்றினால் அடுத்த வகுப்புவரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மாத்திரை. 2015இல் 424 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு பாதியினர் எம்பிசிடி கற்றுக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மறுபாதியினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் 44 சதவீதம், 47 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. கிட்டத்தட்ட சமம். இதைக் காட்டி மாத்திரை வேண்டாம் என்பவர்கள், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பாதிப் பேர் மறுபடி விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வகுப்பை முடியுங்கள், அப்புறம் டாக்டரிடம் பேசுங்கள்.

உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அந்தப் பத்து நிமிஷத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அடுத்தவரிடம் போகும்போது, அந்த “ஆகவில்லை”யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா