அமிக்கேயோ: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எஸ்பெராந்தோ பேசுகிறவர்கள் ‘எஸ்பெராந்தூயோ’ என்று வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டைச் சொல்கிறார்களே, அது அம்மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃப் கண்ட சொர்க்கமா? அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது?

ச.

அன்புள்ள ச.,

எஸ்பெராந்தூயோவை நான் சொர்க்கக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அம்மொழி பேசுவோர் இருவர் எங்கே உட்கார்ந்து பேசினாலும் அந்த இடத்துக்கு அதுதான் பெயர். நீங்கள் தேடுவது ‘அமிக்கேயோ’வாக இருக்கலாம். நண்பர்களின் இடம் என்று பொருள். அதற்கு நிஜமான மண் இருந்தது.

நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பாவைப் பங்கு பிரித்தபோது, இன்றைய ஜெர்மனியின் ஆஹன் நகருக்கு அருகிலிருந்த துத்தநாகச் சுரங்கம் ஒன்றை நெதர்லாந்தும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் விட்டுக்கொடுக்க மறுத்தன. கடைசியில் 1816இல், சுரங்கமிருந்த சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் இருவருக்கும் பொது என்று முடிவானது. அதுதான் நடுநிலை மோரெஸ்னெட். 1830க்குப் பின் நெதர்லாந்தின் இடத்துக்குப் பெல்ஜியம் வந்தது.

இந்த இழுபறியில் லாபம் அடைந்தவர்கள் ஊர்க்காரர்கள். வரி குறைவு. அக்கம்பக்கத்து நாடுகளின் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. கட்டாய ராணுவ சேவையும் தொடக்கத்தில் இல்லை. அந்தச் சலுகையைப் பின்னர் இரு நாடுகளும் பறித்துக்கொண்டன. 256 பேர் இருந்த ஊர் நூறாண்டுக்குள் நாலாயிரத்தைத் தாண்டியது. சொர்க்கம் என்று எதையாவது சொல்லவேண்டுமென்றால் நான் இந்தக் காலத்தைத்தான் சொல்வேன். அதன் பெரும்பகுதியில் எஸ்பெராந்தோ பிறக்கவே இல்லை!

1885இல் சுரங்கம் வற்றியது. ஊரை இனி எதற்காகத் தனியாக வைத்திருப்பது என்ற கேள்வி எழுந்தது. சுரங்க மருத்துவர் வில்ஹெல்ம் மோலி விடாக்கண்டர். மறு ஆண்டே உள்ளூர் அஞ்சல்தலை வெளியிட்டார், அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். 1908இல் குஸ்தாவ் ருவா என்ற பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து, இதை எஸ்பெராந்தோ பேசும் அமிக்கேயோ நாடாக்கலாம் என்று கிளம்பினார். தேசியகீதம்கூடத் தயாரானது, மெட்டு, ஜெர்மானியர் கிறிஸ்துமஸ் மரத்தைப் பாடும் பழைய மெட்டு.

ஆகவே சாமன்ஹோஃபின் கனவில் இதன் வேரைத் தேடவேண்டாம். 1887இல் அவர் வார்சாவில் வெளியிட்டது ஒரு மொழியைத்தான். நாடு எதையும் அவர் கேட்கவில்லை. பிழைப்புக்கு வழி தேடிய ஒரு சுரங்க ஊர், கைக்குக் கிடைத்த மொழியைப் பற்றிக்கொண்டது என்பதே என் கணிப்பு. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை.

1914இல் ஜெர்மானியப் படை வந்தது. போருக்குப்பின் வெர்சாய் ஒப்பந்தம் அவ்வூரைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்தது. கெல்மிஸ் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. அங்கே ஆட்சிமொழி ஜெர்மன்.