பதில்: பாத்திர நடிப்பு நிஜச் சண்டையாகிவிட்டது

வணக்கம். சண்டைகளை வன்முறையின்றித் தீர்க்கப் பழகும் உங்கள் பட்டறைக்கு வந்த அண்டை வீட்டுக்காரர்கள் இருவர் தங்கள் சொந்தத் தகராறையே நடித்துக் காட்டப்போய் அது முற்றிவிட்டது, மறுநாள் பாதிப் பேர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு நடத்தத் தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. பயிற்சிகளின் வரிசைதான் பிசகிவிட்டது.

1975-இல் நியூயார்க் மாநிலத்தின் க்ரீன் ஹேவன் சிறையில் கைதிகளும் குவேக்கர்களும் (அமைதியை வலியுறுத்தும் கிறிஸ்தவப் பிரிவினர்) சேர்ந்து தொடங்கிய ‘ஆல்டர்நேட்டிவ்ஸ் டு வயலன்ஸ்’ (வன்முறைக்கு மாற்று வழிகள்) பட்டறைகளில் நடிப்பு பிற்பகுதியில்தான் வரும். அதற்கு முன் பெயர் விளையாட்டு, ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது, நடுநடுவே ஓடியாடும் சின்ன விளையாட்டுகள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் (எனக்கும் அப்படித்தான் தோன்றியது). ஆனால் நம்பிக்கை அங்கேதான் உருவாகிறது. விருப்பமில்லாத பயிற்சியில் ஒதுங்கி உட்காரும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதும் அங்கே அடிப்படை விதி.

இனி நடிப்புக்குக் கற்பனைச் சண்டை, கற்பனைப் பெயர்கள் மட்டுமே. குரல் ஏறினால் உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் நடித்தவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி வேடத்திலிருந்து வெளியே வரட்டும், பிறகு அவர்களே முதலில் பேசட்டும். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான்.

அந்த இருவரின் தகராறைப் பட்டறையில் தீர்க்க முயலாதீர்கள். அது சமரசப் பேச்சு, வேறு வேலை. இருவரும் நம்பும் ஒருவர் முதலில் தனித்தனியாகச் சந்திக்கட்டும். இருவரும் சம்மதித்தால் மட்டும் சேர்ந்து உட்காரலாம்.

வராதவர்களை அழைத்து, விளக்கம் சொல்லாமல், என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன்: தனியாகவா நடத்தினீர்கள்? குறைந்தது இன்னொருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.