அரபுக் குதிரை வாங்கி விற்றால் லாபம் வருமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் 8 லட்சத்துக்கு ஓர் அரபுப் பெட்டைக் குதிரை பிடித்து, அடுத்த ஆடியில் 12 லட்சத்துக்கு விற்றுவிடலாம் என்கிறார் தரகர். கையில் 5 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டில் இருக்கும் நகையை வைக்கலாம், நானும் கூட்டுச் சேருகிறேன் என்கிறார் மச்சான். செய்யலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. ஆசைக்குக் குதிரை வளர்ப்பதென்றால் வளருங்கள்; 4 லட்சம் லாபம் என்ற கணக்கை நம்பி வாங்காதீர்கள்.

தரகர் சொல்லாமல் விட்டதைக் கூட்டிப் பார்ப்போம். தீவனம், பார்த்துக்கொள்ள ஆள், லாடம், வைத்தியம் எல்லாம் சேர்த்து மாதம் 15,000 என்று வைத்தால் வருடத்துக்கு 1,80,000. நகைக்கடன் 3 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 30,000. உங்கள் 5 லட்சம் வங்கியில் கிடந்தால் 7 சதவீதத்தில் தந்திருக்கும் 35,000. ஆக, 10,45,000க்கு விற்றால்தான் போட்டது கைக்கு வரும். தரகும் வண்டி வாடகையும் தனி. வாங்கிய விலைக்கே விற்றால் 2,45,000 நட்டம்.

அடுத்து, அது அரபுதானா? நம் சந்தைகளில் வெள்ளையாக, உயரமாக நின்றாலே அரபு என்று சொல்லிவிடுகிறார்கள். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொடுகிற மாதிரி இருந்தால் அது மார்வாரியோ கத்தியவாரியோ தான். அரபுக்கு முகம் சற்றுக் குழிந்திருக்கும், ஓடும்போது வால் தூக்கி நிற்கும். ஆனால் அழகை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது. தாய் தகப்பன் பெயரோடு வம்சாவளிப் பதிவேட்டுச் சான்று வேண்டும். குதிரையின் மைக்ரோசிப் எண் அதோடு பொருந்த வேண்டும். சான்று இல்லையென்றால் 'அரபு' என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். அடுத்த வருடம் உங்களிடம் வாங்க வருகிறவரும் அதைத்தான் கேட்பார். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் சுழி சரியில்லை என்று, துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும்போதே விலையை இறக்குகிறவர்களும் உண்டு.

குட்டி போட்டால் லாபம்தானே என்பார்கள். சினைக்காலமே சுமார் 11 மாதம். அந்தக் குட்டி ஏறி ஓட்டும் பருவத்துக்கு வர மூன்று வருடமாவது ஆகும். அதுவரை செலவு மட்டுமே.

தீவனத்தில் பலர் கவனிக்காத ஒன்று: கொரங்காட்டில், அதாவது நம் மானாவாரி மேய்ச்சல் காட்டில், வளரும் கொழுக்கட்டைப்புல் காங்கேயம் மாட்டுக்கு அருமையான மேய்ச்சல். அதையே குதிரைக்கு மாதக்கணக்கில் முழுத்தீவனமாகப் போட்டால், புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு கெட்டு முகம் வீங்கும். தோட்டத்தில் புல் இருக்கிறதே, செலவில்லை என்று கணக்குப் போடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால், தரகர் காட்டும் ஆளை விட்டுவிட்டு உங்கள் கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போய் பல், கால், மூச்சு பார்க்கச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் முழுப் பணம் தர வேண்டாம். அது மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள், உங்கள் முதல் ஒரே நாளில் போய்விடும். தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரையும் உண்டு, பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம். முழு விலைக்கும் காப்பீடு கிடைக்குமா என்று கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரு வியாபாரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணம் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அடுத்த ஆடியில் பணம் வாங்கப்போவது நீங்கள்.

நகையைத் தொடாதீர்கள். 5 லட்சத்தில் 3 லட்சத்தை வைப்பில் போட்டுவிட்டு, மீதிக்குள் கிடைக்கும் நல்ல நாட்டுக் குதிரையைப் பாருங்கள். மச்சான் கூட்டுச் சேருவதானால், தீவனச் செலவு யாருடையது, குதிரை செத்தால் நட்டம் யாருக்கு எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு சந்தைக்குக் கிளம்புங்கள்.