பொத்தானை அமுக்கலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

பொறையாறிலிருந்து எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2010லிருந்து வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு இணையதளம் வைத்து எங்கள் பக்கத்து வயல் வழக்குச் சொற்களைச் சேர்த்து வருகிறேன். நானூறு கட்டுரை தேறும். பதிப்பு 4.9லேயே நிற்கிறது. உள்ளே நுழையும்போதெல்லாம் புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி மேலே ஒரு பட்டை வருகிறது. பேரன் "அமுக்கு தாத்தா" என்கிறான். அமுக்கி எல்லாம் போய்விட்டால்? எழுதும் இடமே கட்டம் கட்டமாக மாறிவிடும் என்கிறார்களே, இந்த வயதில் அது எனக்குத் தேவையா?

க.

அன்புள்ள சார்,

அமுக்கலாம். இன்றைக்கு வேண்டாம்.

உங்கள் கட்டுரைகள் டேட்டாபேஸ் என்கிற தகவல் கிடங்கில் இருக்கின்றன. மேம்படுத்தும்போது மாறுவது பெரும்பாலும் மென்பொருளின் கோப்புகள்தான். வீட்டுக்கு ஓடு மாற்றுகிறவர் பத்தாயத்தைத் திறந்து நெல்லை அள்ளுவதில்லை. ஆனால் ஓடு சரிந்து பத்தாயத்தின் மேல் விழுந்த வீடுகளும் உண்டு. அதனால் முதலில் நகல்: டேட்டாபேஸ் ஒன்று, படங்கள் இருக்கிற ஃபோல்டர் ஒன்று. இரண்டும் உங்கள் கணினிக்கு இறங்கியிருக்க வேண்டும்.

இறக்கியதோடு விடாதீர்கள், திறந்து பாருங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் ஒருமுறை சர்வரை, அதாவது தளம் இருக்கும் கணினியை, மாற்றியது. மறுநாள் பார்த்தால் பழைய கட்டுரைகள் முழுக்கக் கேள்விக்குறி. ஐந்தெழுத்துத் தஞ்சாவூர் ஒன்பது கேள்விக்குறியாகியிருந்தது (கணினிக்குப் புள்ளியும் காலும் தனித்தனி எழுத்து). நடுநடுவே காற்புள்ளிகளும் ஆண்டு எண்களும் மட்டும் பத்திரமாக இருந்தன. என்னிடமிருந்த நகலைத் திறந்தேன். அதிலும் தமிழ் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பத் திரும்ப அதுவே. தலையில் கை வைத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் இப்படித் தனித்தனியாக எண்ணும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் தெரியுமாம். அதாவது தமிழ் உள்ளேயே இருக்கிறது, மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதற்குத்தான் மருந்தில்லை. நகலில் இல்லாத பதினோரு கட்டுரைகள் அப்படியே போயின. உங்கள் தளமும் பழையது. டேட்டாபேஸ் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை பைட்டாக்கிச் சேமிக்கும் முறை) இருக்கிறது என்று பேரனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டம் விஷயம். 4.9க்கு அடுத்து 5.0 வந்ததால் மிரள வேண்டியதில்லை, அவர்கள் 3.9க்கு அடுத்தும் 4.0தான் போட்டார்கள். எண்ணிக்கை, அவ்வளவே. ஆனால் 2018 டிசம்பர் 6 அன்று வந்த அந்த 5.0 நிஜமாகவே பெரிய மாற்றம். ஒவ்வொரு பத்தியும் தனிக் கட்டமானது. நான் இரண்டு வருடம் பழைய எடிட்டரிலேயே ஒளிந்திருந்தேன். புதியதில் பாதிப் பத்தியில் தொடங்கி அடுத்த பத்தியின் பாதிவரை தேர்வு செய்யக்கூட முடியாது, 2022ல் 6.0 வந்தபிறகுதான் அது சரியானது. இப்போது பழகிவிட்டது, ஆசை ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் 'கிளாசிக் எடிட்டர்' என்று அவர்களே தரும் செருகி (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) இருக்கிறது, பழைய எடிட்டரையே திருப்பித் தரும். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது ஓடுகிறது, வயதானவர்கள் மட்டும் போட்டிருக்க வாய்ப்பில்லை. அது இல்லாமல் திறந்தாலும் பழைய கட்டுரை முழுதாக ஒரே கட்டத்தில் வரும். மாற்று என்று நீங்கள் சொன்னால்தான் உடையும்.

அந்தக் கட்ட எடிட்டருக்கு வைத்த பெயர் குட்டன்பர்க், ஐரோப்பிய அச்சுக்கலை முன்னோடியின் பெயர். பொறையாற்றுக்காரரிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துத் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713ல் வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து, காகிதம் கட்டுப்படியாகாமல், இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்களே! வந்ததைத் தமக்கு வசதியாக மாற்றிக்கொண்ட ஊர்ப்பக்கம் அது, கிளாசிக் எடிட்டர் போடுவதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

உண்மையான ஆபத்து பழைய தீமும் (தளத்தின் தோற்றத்தை அமைப்பது), கைவிடப்பட்ட செருகிகளும், சர்வரில் வேர்ட்பிரஸை ஓட்டும் நிரல்மொழியான பிஹெச்பியும். 2024ல் வந்த 6.6 முதல், 7.2க்குக் கீழான பிஹெச்பியில் வேர்ட்பிரஸ் ஏறாது. அதற்காக சர்வரை ஒரேயடியாக 8க்குத் தூக்கினால் உங்கள் 4.9 படுத்துவிடும். முதலில் பிஹெச்பி 7.2, பிறகு வேர்ட்பிரஸ், கடைசியில் பிஹெச்பி 8. 4.9லேயே இருந்துவிடலாமா என்றால், முழு ஆதரவு கடைசிப் பதிப்புக்கு மட்டும்தான். பழையதற்கு அவர்கள் ஒட்டுப்போடுவது அவர்களாகப் பார்த்துச் செய்வது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்.

பேரன் அடுத்தமுறை ஊருக்கு வரும்போது செய்யுங்கள். போனில் சொல்லிச் செய்ய வேண்டாம். நகல் இறங்கியதும் அதில் 'நாற்றங்கால்' என்று தேடச் சொல்லுங்கள். அந்தச் சொல் தமிழில் தென்பட்டால் அமுக்கலாம். வட்டத்துக்குள் 'ஆர்' வந்தால் எதையும் தொடாமல் எனக்கு எழுதுங்கள்.